பழைய ஸ்போர்ட்ஸ் கார் சூடாகிறதா, மீற்றர் பொய் சொல்கிறதா? – கேள்வி பதில்

திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி ஒரே சங்கதிதான்: "அண்ணா, ஹீட் மீற்றர் ஏறுது, என்ன செய்ய?" ஸ்பிட்ஃபயர், எம்ஜி, எம்ஆர்2 என்று பழைய கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்று: எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா என்று வேறு ஏதாவதால் அளந்து பார்த்தீர்களா? அளக்காமல் ஒரு சாமானும் வாங்காதேயுங்கோ.

கேள்வி (உவர்மலை): அண்ணா, என்ர கார் 1973 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ஓடி இருபது நிமிசத்தில ஊசி சிவப்புக்குக் கிட்டப் போகுது. ஆனா தண்ணி கொதிக்கேல்லை, மணமும் இல்லை. றேடியேற்றர் மாத்தியும் அதே கதை.

பதில்: தம்பி, ஊசி ஏறும்போது பக்கத்தில் இருக்கிற பெற்றோல் மீற்றரைப் பார்த்தீரா? அடித்த பெற்றோலுக்கு மேலாக அதுவும் காட்டினால் குற்றம் எஞ்சினில் இல்லை. அந்தக் காலத்து ஸ்மித்ஸ் மீற்றர்கள் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான் கரண்ட் கொடுக்கிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியளவில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து, தொட்டும் விட்டும் சராசரியாக 10 வோல்ட் தரும். அந்தப் பெட்டிக்கு எர்த், அதாவது காரின் இரும்பு உடம்போடு சேர்கிற இணைப்பு, இல்லாமல் போனால் தகடு சூடாகாது. பற்றரியின் முழு வோல்ட்டும் நேரே மீற்றருக்குப் போகும். இரண்டு ஊசியும் சேர்ந்தே ஏறும்.

இதே மாதிரியான என்ர காரிலும் இதே வருத்தம் வந்தது. கராஜ் ஒன்றில் றேடியேற்றரைக் கழற்றி, அதன் குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியான கோரை மாற்றினார்கள், பிறகு வோட்டர் பம்ப் மாற்றினார்கள். ஊசி அசையவில்லை. கடைசியில் நானே சீற்றைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் படுத்து, டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்டெபிலைசரைப் பிடித்திருந்த ஒற்றை ஸ்குரூவின் அடியில் பச்சையும் மண்ணிறமுமாகக் கறள். விரலால் தட்ட, பூச்சு செதிலாக உதிர்ந்து முகத்தில் விழுந்தது. உப்புக்காற்று ஊரில் எர்த் இப்படித்தான் சாகும். அரத்தாளால் தேய்த்து, வெறும் தகரம் மினுங்கிய பிறகு பூட்டினேன். அன்றைக்கே ஊசி நடுவுக்கு இறங்கியது. அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் மனம் நோகும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பெட்டியே பழுதென்றால் 7810 என்கிற மூன்று கால் ஐசியைப் பழைய பெட்டிக்குள் வைத்துப் பற்றவைக்கலாம். அது சீராக 10 வோல்ட் தரும். பழைய மாதிரியையே போடுவதென்றால், எந்தப் பக்கம் மேலே என்று பெட்டியில் அடித்திருக்கும், அப்படியே பூட்டுங்கோ. சரிந்து நின்றால் கணக்குப் பிழைக்கும்.

கேள்வி (அதே தம்பி): அப்ப ஊசி சொல்றது சரியோ எண்டு வீட்டிலேயே பார்க்க ஏலுமோ?

பதில்: ஏலும். அதற்கு எங்கள் ஊர் நல்ல இடம். கடல்மட்டத்தில் இருக்கிறோம், கொதிக்கிற தண்ணி இங்கே 100 பாகைதான். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, தண்ணியின் சூட்டை மீற்றருக்குச் சொல்கிற சென்சரை எஞ்சினிலிருந்து கழற்றி, அதன் வயரை ஒரு துண்டு வயரால் நீட்டுங்கோ. சென்சரின் உடம்பிலிருந்து எஞ்சினுக்கு இன்னொரு வயர் போட்டு எர்த் கொடுக்கவேண்டும். இதை மறந்தால் ஊசி எழும்பாது. நுனி மட்டும் நனைகிற மாதிரி அலுமினியச் சட்டியில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு சமையல் வெப்பமானி வையுங்கோ. தண்ணி சூடேற ஏற 80, 90, 100 என்று ஊசி நிற்கும் இடங்களில் மீற்றர்க் கண்ணாடியில் மெல்லிய டேப் துண்டு ஒட்டிவிடுங்கோ. இந்த மீற்றர் மெதுவாக நகரும் இனம், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிசம் பொறுக்கவேண்டும். என்ர காரில் அந்த மூன்று டேப் துண்டும் இன்னும் இருக்கு.

திருப்பிப் பூட்டும்போது மரைக்கு வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றாதேயும். சென்சருக்கு எர்த் வருவதே அந்த மரையால்தான். தடை கூடினால் ஊசி குறைத்துக் காட்டும், அது கூட்டிக் காட்டுவதைவிட ஆபத்து.

கேள்வி (நிலாவெளி): கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. எம்ஜிபி. மூன்று வருடத்துக்கு ஒரு றேடியேற்றர் போகிறது. கிணற்றுத் தண்ணிதான் விடுகிறேன்.

பதில்: ஐயா, காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கரையோரக் கிணறு உவர். சுண்ணாம்பும் உப்பும் உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். வெளியே உப்புக்காற்று தகடுகளைத் தின்னும். தகடு குழாயோடு ஒட்டியிருந்தால்தான் சூடு காற்றுக்குப் போகும். விரலால் தடவ உதிர்ந்தால் அந்தக் கோர் முடிந்தது. வாடை மழைக்கு ஒரு கான் வையுங்கோ. முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும், அடுத்த மழையைப் பிடியுங்கோ. இல்லையென்றால் காய்ச்சி வடித்த தண்ணி. அதோடு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட். எங்களுக்குத் தண்ணி உறையும் பயம் இல்லை, கூலன்ட் துருவுக்காக. கிழமைக்கு ஒருக்கால் முன்பக்கத்தை நல்ல தண்ணியால் மெல்லக் கழுவுங்கோ. பிறெஷர் வோஷ் அடித்தால் தகடு மடங்கும்.

கேள்வி (உப்புவெளி): வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகும்போது மட்டும் சூடாகுது அண்ணா. கோட்டைக்குள்ள மான் குறுக்க வரும், உருட்டி உருட்டித்தான் ஏறலாம்.

பதில்: மெதுவாகப் போனால் சூடு, வேகமாகப் போனால் சரி என்றால் காற்றுப் போதவில்லை. ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றியிருக்கிற உறை இரண்டையும் பாருங்கோ. உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிற கார்கள் நிறைய. உறை இல்லாத ஃபேன் அதே காற்றையே சுற்றும். மேலே போய் நிறுத்தியதும் ஊசி இன்னும் கொஞ்சம் ஏறினால் பயப்படவேண்டாம். பம்ப் நின்றதால் இரும்பில் இருந்த சூடு தண்ணிக்கு வருகிறது.

கேள்வி (கந்தளாய்): எனக்கு மறுவளம். டவுனுக்குள்ள ஒண்டுமில்லை, ஹபரணை ரோட்டில 80-ஐத் தாண்டினாத்தான் ஏறுது.

பதில்: இது தண்ணி ஓட்டம். பொனெட்டைத் திறந்து, ஒருவரை 3000 சுற்றுக்கு அக்சிலேற்றரை மிதிக்கச் சொல்லி றேடியேற்றரின் கீழ் ஹோஸைப் பாரும். பம்ப் உறிஞ்ச, மெலிந்த ஹோஸ் சப்பிப்போகும். உள்ளே ஸ்பிரிங் இருக்கிற ஹோஸ் போட்டால் தீரும். ஹோஸ் சரியென்றால் இன்ஃப்ரறெட் வெப்பமானியால் றேடியேற்றர் முகத்தை வரிசையாகப் பிடித்துப் பாரும், குளிர்ந்த திட்டு இருக்கிற இடம் அடைப்பு. (மினுங்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பிடியும்.) இரண்டும் இல்லையென்றால் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடுகிற நேரம். பிந்தி எரிந்தால் சூடு எக்ஸோஸ்ட் பக்கம் தங்கிவிடும்.

கேள்வி (கிண்ணியா): தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்றாங்க பாஸ்மார். சரியா?

பதில்: இல்லை. தேர்மோஸ்டாட் என்பது தண்ணி சூடானதும் றேடியேற்றருக்கு வழி திறக்கிற வால்வு. அது இல்லாமல் குளிர்ந்தே ஓடும் எஞ்சின் தேயும், ஒயில் கெடும், உண்மைக் குற்றமும் மறையும். வெக்கையான ஊருக்கு 82-க்குப் பதில் 74 பாகை போடலாம். அது முந்தித் திறக்கும், அவ்வளவுதான்; றேடியேற்றரைப் பெரிதாக்காது.

கேள்வி (சீனன்குடா): 1991 மாஸ்டா ரோட்ஸ்டர். ஊசி எப்பவும் நடுவில. ஒரு நாள் நடுவில நிக்கும்போதே ஆவி அடிச்சுது. அண்ணா, அதெப்படி?

பதில்: இதைக் கவனமாக வாசியும். புதுக் காலத்து மீற்றர்கள் பலவற்றில், ஓட்டுபவர் பதறக்கூடாதென்று, நடுவில் ஒரு அகன்ற எல்லைக்குள் ஊசி அசையாதபடி செய்திருப்பார்கள். அது அசையும்போது காலம் பிந்திவிடும். இரண்டாவது காரணம் இன்னும் மோசம்: தண்ணி ஒழுகித் தீர்ந்தால் சென்சர் வெறும் காற்றில் நிற்கும். தண்ணி தொடாத சென்சர் சூட்டைச் சரியாக அறியாது, ஊசி இறங்கக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் ஊசி கீழே போனால், ஏறியதைவிட அவசரமாக நிறுத்தவேண்டும். எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைய அதிக நேரம் எடுக்காது. தண்ணி குறைந்ததும் எரிகிற ஒரு லைட்டை றேடியேற்றரில் பூட்டும். மீற்றரைவிட அதை நான் நம்புவேன்.

கூலன்ட் மாற்றிய பிறகு ஊசி துள்ளுது என்று கேட்ட எம்ஆர்2 காரருக்கும் இதோடு ஒன்று: அது குழாய்க்குள் காற்று அடைத்ததால். எஞ்சின் நடுவில், றேடியேற்றர் முன்னால், இடையில் நீளக் குழாய். காற்று வெளியேற்றும் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பொறுமையாக நிரப்புங்கோ.

கேள்வி (உட்துறைமுக வீதி): அப்பாவின் பழைய எம்ஜி மிட்ஜெட்டை நான்தான் ஓட்டுகிறேன் அண்ணா. வழியில் கொதித்தால் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்து, ஓரம் கட்டி நிறுத்துங்கோ. றேடியேற்றர் மூடியில் கை வைக்கவே வேண்டாம். 7 இறாத்தல் அழுத்தம் பிடிக்கிற மூடிக்குள் தண்ணி ஏறத்தாழ 111 பாகைவரை கொதிக்காமல் இருக்கும், 13 இறாத்தல் என்றால் 119. திறந்த கணமே கொதித்து, ஆவியும் சுடுதண்ணியுமாகச் சீறி முகத்துக்கு வரும். ஒரு மணித்தியாலமாவது ஆறவிடுங்கோ. மேல் ஹோஸைத் தொட்டுக் கை பொறுத்தால், தடித்த துணி போட்டு முதல் திருப்பில் நிறுத்தி, சீறல் அடங்கிய பிறகு கழற்றுங்கோ. தண்ணி விடமுன் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கோ. ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஹெட்டின் அடியில் தண்ணியையும் ஒயிலையும் பிரித்து வைக்கிற ஹெட் கஸ்கெட் போய்விட்டது. அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், அப்பாவுக்குச் சொல்லி லொறியில் ஏற்றுவியுங்கோ. ஒயில் சுத்தமென்றால் எஞ்சினை ஓடவிட்டு, தண்ணியை நூலாகச் சொட்டச் சொட்ட ஊற்றுங்கோ. ஒரேயடியாகக் கொட்டினால் சூட்டு இரும்பில் வெடிப்பு விழலாம்.