காய்ச்ச வேண்டாம், ஊறவைத்தால் போதும்: பினாங்கு வீட்டில் ஜாதிக்காய் லிக்யூர்

கேள்வி: பழம், மசாலைப் பொருள்கள் சேர்த்து மணமூட்டிய மதுவையும் லிக்யூரையும் வீட்டிலேயே செய்ய முடியுமா? மலேசியாவில் கிடைக்கும் பொருள்கள் போதுமா? பாதுகாப்பானதா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

முடியும். லிக்யூர் என்றால், அப்படி மணமூட்டிய மதுவில் சீனி சேர்த்து இனிப்பாக்கியது. நான் பினாங்கில் ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். 11 ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு மூன்று போத்தல் செய்து நெருங்கியவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். ஆனால் செய்முறைக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சாராயம் காய்ச்சாதீர்கள், ஆவியாக்கி வடிக்காதீர்கள். கடையில் முறையாக விற்கும் மதுவை வாங்கி அதில் பொருளை ஊறவையுங்கள். நான் செய்வது அவ்வளவுதான். ஊறல் என்றதும் பானையில் வெல்லமும் மரப்பட்டையும் நொதிக்கும் கள்ளச்சாராய ஊறல்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. இதில் எதுவும் நொதிப்பதில்லை. இருக்கிற மதுவுக்குள் மணம் இறங்குகிறது, அவ்வளவே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் தோட்டத்தில் பிறந்தவன். என் பெரியப்பா சாம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்தே போனார். சம்பள நாளன்று மாலை அவர் வீட்டுக்கு வரும் பாதையில் பெரியம்மா அரிக்கேன் விளக்குடன் நிற்பதைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் சாம்சுக்கு எதிராகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது சும்மா அல்ல. தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களை அந்த மலிவுச் சாராயம் அப்படி அரித்துத் தின்றது. பிறகு 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போனபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். குடித்துப் பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கத் தொடங்குவதால், வெறும் தலைவலி என்று எண்ணிப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. மதுவருந்தியவருக்குப் பார்வை மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஆகவே போத்தலில் சுங்கத் துறையின் வரி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். யாரோ ஒருவர் பாதி விலைக்குக் கொண்டுவந்து தருகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது வடிப்பது குற்றம், விற்கவும் உரிமம் வேண்டும். எனவே நீங்கள் செய்வது வீட்டோடு இருக்கட்டும்.

எந்த மது என்று கேட்பீர்கள். மணமில்லாத வோட்கா பழத்தோலுக்கும் இலைக்கும் பொருந்தும். ஜாதிக்காய், பட்டை போன்றவற்றுக்குப் பிராந்தி இன்னும் நன்றாகச் சேரும். ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். பழத்தில் உள்ள தண்ணீர் இறங்கினாலும் பொருள் அழுகாமல் காப்பது அந்த வீரியம்தான். மிக விலையுயர்ந்தது தேவையில்லை. ஆனால் தனியாக ஒரு வாய் குடிக்க முடியாத மதுவை எந்த மசாலையாலும் திருத்த முடியாது.

இனி ஜாதிக்காய். பினாங்கில் இருந்துகொண்டு ஜாதிக்காயில் தொடங்காவிட்டால் அது இந்த மண்ணுக்குச் செய்யும் குறை. கிழக்கிந்தியக் கம்பெனி இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே நட்டது. 1860ஐ ஒட்டி நோய் தாக்கிப் பெருந்தோட்டங்கள் அழிந்தன. இன்றும் பாலிக் புலாவ் பக்கம் மரங்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் ஜாதிக்காய் என்றால் பெரும்பாலும் உலர்ந்த கொட்டைதான். இங்கே பழமே கைக்குக் கிடைக்கும். சௌராஸ்தா சந்தையில் உப்பிலும் சீனியிலும் ஊறிய ஜாதிக்காய்ச் சதை விற்பார்கள். ஆனால் லிக்யூருக்கு வேண்டியது பச்சைப் பழம்.

பாலிக் புலாவில் சாலையோரம் மேசை போட்டு விற்கும் சீனப் பாட்டி ஒருவரிடம்தான் நான் வாங்குவேன். முதல் தடவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் ஒரு பழத்தை எடுத்து அதன் இடுப்புக் கோட்டில் கத்தியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பழம் இரண்டாகப் பிளந்தது. வெளிறிய சதைக்கு நடுவே கரும்பழுப்புக் கொட்டை, அதன்மேல் குங்குமத்தைக் குழைத்து வலை பின்னியதுபோல் ஜாதிபத்திரி. உலர்ந்த ஜாதிபத்திரியை மட்டுமே பார்த்திருந்த எனக்கு அந்தச் சிவப்பு புதிது. "தானாக வெடிக்கத் தொடங்கிய பழம்தான் நல்லது, தம்பி. இறுக மூடியிருந்தால் துவர்க்கும்" என்று மலாயில் சொன்னார். அவர் சொன்னது சரி என்பதை இரண்டு போத்தல் செய்தபின் நானே நாக்கில் தெரிந்துகொண்டேன்.

நான்கு பழங்களின் சதையை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி அரை மணி நேரம் வைத்தால் துவர்ப்பு நீர் கசியும். அதைக் கழுவி, துணியில் ஒற்றி எடுங்கள். வாயகன்ற கண்ணாடிச் சாடியில் போட்டு 700 மில்லிலிட்டர் பிராந்தியை ஊற்றுங்கள். ஒரு கொட்டையின் ஜாதிபத்திரியையும் சேர்க்கலாம். கொட்டையில் பாதியை மட்டும் தட்டிப் போடுங்கள், அதற்குமேல் வேண்டாம். ஜாதிக்காய்க் கொட்டை மருந்தளவில் மருந்து. 5 கிராம் அளவுக்கு ஒருவர் உட்கொண்டாலே குமட்டலும் நெஞ்சுப் படபடப்பும் வரக்கூடும். சதை மதுவுக்கு மேலே மிதந்து காற்றுப் படக் கூடாது. சாடியைக் கழுத்துவரை நிரப்புங்கள், தினமும் ஒருமுறை குலுக்குங்கள்.

எத்தனை நாள்? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். ஐரோப்பியக் குறிப்புகளில் நான்கு வாரம், ஆறு வாரம், இருட்டறையில் வையுங்கள் என்று இருக்கும். அது அவர்களுடைய குளிர்ந்த நிலவறைக்குப் பொருந்தும். நம் சமையலறையில் பகலில் 30 பாகைக்குக் குறைவதில்லை. சூட்டில் மணம் வேகமாக இறங்கும், அதைவிட வருத்தம் தருவது, துவர்ப்பும் கசப்பும் பின்னாலேயே இறங்கும். மணம் முன்னால் வரும், கசப்பு பின்னால் வரும். இரண்டுக்கும் நடுவில் வடிகட்டி எடுப்பதே இந்தக் கைவேலையின் முழுச் சூட்சுமம். நாட்காட்டியை நம்பாதீர்கள். இரண்டாம் நாளிலிருந்து தினமும் ஒரு தேக்கரண்டி எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து சுவையுங்கள். தண்ணீர் கலக்காவிட்டால் மதுவின் காரம் நாக்கை மரக்கச் செய்து கசப்பை மறைத்துவிடும். எனக்கு ஜாதிக்காய்ச் சதை ஆறு நாள், கொட்டை மூன்று நாள்.

கிராம்பால்தான் இதைக் கற்றேன். முதல் வருடம் ஒரு போத்தலுக்கு எட்டுக் கிராம்பைப் போட்டு, குறிப்பில் எழுதியிருந்தபடி மூன்று வாரம் வைத்துவிட்டேன். திறந்தபோது பல் மருத்துவரின் அறை மணம். வாயில் வைத்தால் நாக்கு மரத்தது. கிராம்பில் இருக்கும் யூஜினாலைத்தான் பல்வலிக்கும் பயன்படுத்துகிறார்கள், மது அதை ஒரே நாளில் இழுத்துக்கொள்ளும். அந்தப் போத்தலை எதுவும் செய்து மீட்க முடியவில்லை. இப்போது இரண்டே கிராம்பு, ஒரு இரவு. காலையில் எடுத்துவிடுவேன். எல்லாப் பொருளையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வலுத்ததைக் கடைசியில் போட்டு முதலில் எடுங்கள். முடிந்தால் ஒவ்வொன்றையும் தனிச் சிறு போத்தலில் ஊறவைத்துப் பிறகு கலந்துகொள்ளுங்கள். பிழை நேர்ந்தால் ஒரு சிறு போத்தலோடு போகும்.

அடுத்தது லீமாவ் கஸ்தூரி. நம் ஊரில் தேநீருக்கும் மீகோரெங்குக்கும் பிழியும் அந்தச் சிறு எலுமிச்சையின் தோலில் இருக்கும் வாசம் பெரிய எலுமிச்சையில் கிடையாது. சாறு வேண்டாம், தோல்தான். 30 பழங்களின் பச்சைத் தோலை மட்டும் மிக மெல்லிய துருவியில் சீவி எடுங்கள். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும், பழம் சிறியது என்பதால் கை பொறுமையாக இருக்க வேண்டும். வோட்காவில் நான்கு நாள் போதும். தோல் வெளுத்து, மது இளம் மஞ்சளாகிவிடும். இதில் சீனிப்பாகு ஊற்றியதும் லேசாகக் கலங்கும். கெட்டுவிட்டதோ என்று பயந்து என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கெடவில்லை. தோலின் எண்ணெய் வீரியமான மதுவில் கரைந்து நிற்கும். பாகின் தண்ணீர் சேர்ந்து வீரியம் குறைந்ததும் நுண்ணிய துளிகளாகப் பிரியும். அதுதான் அந்த மங்கல்.

வடிகட்ட நான் கோப்பிக் கடைகளில் பயன்படுத்தும் துணிப்பையைத்தான் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கி வெந்நீரில் அலசி, இதற்கென்றே தனியாக வையுங்கள். கோப்பி வடித்த பை ஒருபோதும் அந்த மணத்தை விடாது. பிழியாதீர்கள், தானாகச் சொட்டட்டும். பிழிந்தால் கலங்கலும் கசப்பும் சேர்ந்து வரும்.

மணமூட்டிய மது லிக்யூர் ஆவது சீனி சேர்வதால். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி லிக்யூர் என்று பெயர் வைக்க லிட்டருக்கு 100 கிராம் சீனியும் 15 விழுக்காடு ஆல்கஹாலும் குறைந்தது இருக்க வேண்டும். நான் 200 கிராம் சீனியை 200 மில்லிலிட்டர் தண்ணீரில் கரையும்வரை சூடாக்கி, முற்றிலும் ஆறவிட்டு, வடித்த மதுவில் சேர்ப்பேன். வடித்தபின் 650 மில்லிலிட்டர் மிஞ்சியது என்றால், 325 மில்லிலிட்டர் பாகு சேர்ந்ததும் வீரியம் ஏறக்குறைய 27 விழுக்காட்டில் நிற்கும். சூடான பாகை ஊற்றாதீர்கள், மதுவை அடுப்பருகே கொண்டுபோகவும் வேண்டாம். அதன் ஆவி தீப்பற்றும். பாதிப் பாகை முதலில் சேர்த்துச் சுவைத்துவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள். ஜாதிக்காய்க்கு வெள்ளைச் சீனிக்குப் பதில் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் போட்டால் நிறம் கருக்கும், ஆனால் அந்தப் புகைமணமும் பிராந்தியும் சேரும் சேர்க்கை எனக்கு மிகப் பிடித்தது. பாண்டான் இலையையும் செய்து பார்த்தேன். ஒரு நாள் ஊறினால் அழகான பச்சை, வெளிச்சத்தில் வைத்தால் சில நாளில் பழுப்பாகிவிடும். மணமும் அதற்குமேல் நிற்பதில்லை. பாண்டானுக்கு மதுவைவிடச் சாதம்தான் சிறந்த இடம்.

முதல் ஜாதிக்காய்ப் போத்தலை வீட்டில் வைத்தபோது அம்மா பேசாமல் இருந்தார். பெரியப்பாவின் கதை அவருக்கும் தெரியும். "இதையா வீட்டுக்குள் கொண்டுவருகிறாய்?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லாமல் மூடியைத் திறந்து அவர் பக்கம் நீட்டினேன். முகர்ந்துவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "உரைமருந்து வாசம்டா இது. உனக்கு வயிறு உப்பினால் உன் பாட்டி ஜாதிக்காயைத் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுவார்" என்றார். குடிக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜாதிக்காய் நறுக்கும் வேலையை அம்மாதான் செய்கிறார். மிஞ்சும் சதையைச் சீனியில் காய்ச்சித் தனியாகப் பாகு எடுத்து வைப்பார். மது தொடாத நண்பர்கள் வந்தால் அந்தப் பாகில் குளிர்ந்த நீரும் லீமாவ் கஸ்தூரிச் சாறும் கலந்து கொடுப்போம். மலாய் நண்பர்களுக்காக அதன் சாடியும் கரண்டியும் தனி. மது பக்கமே போகாதவை.

மற்றவர்களுக்கு நான் கொடுப்பது 30 மில்லிலிட்டர் கிண்ணத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்று. இனிப்பு வீரியத்தை மறைத்துவிடுவதால் இரண்டாவது கிண்ணம் எளிதாக இறங்கும். எனவே போத்தல் மேசையில் நிற்பதில்லை, ஊற்றியதும் அலமாரிக்குப் போய்விடும். இந்நாட்டில் 2017 டிசம்பர் முதல் மது வாங்கும் வயது 21. எங்கள் வீட்டில் ஊற்றும்போதும் அதுதான் அளவு. வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு சிறு போத்தலைக் கையில் கொடுத்து அனுப்புவேன், கிண்ணத்தில் ஊற்றுவதில்லை.

எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். 25 விழுக்காட்டுக்கு மேல் வீரியமும் நல்ல சீனியும் இருந்தால் கெட்டுப்போவது அரிது, மணம்தான் மங்கும். லீமாவ் கஸ்தூரி மூன்று மாதத்தில் அதன் கூர்மையை இழக்கும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் சற்றுத் தாங்கும். ஜாதிக்காய் அதற்கு நேர்மாறு. வடித்தவுடன் முரடாக இருக்கும், இரண்டு மாதம் கழித்தே மென்மையாகும். பாலோ முட்டையோ சேர்க்கும் வகைகளை இந்தச் சூட்டில் வீட்டில் செய்ய வேண்டாம். போத்தலின்மேல் தேதி, மது, பொருள், ஊறிய நாள்கள் நான்கையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த தடவை அந்தச் சீட்டுதான் உங்கள் குறிப்பு. என் அலமாரியில் தை மாதம் போட்ட ஜாதிக்காய் கால் போத்தல் இருக்கிறது. சீட்டில் அம்மாவின் கையெழுத்தில் ‘சதை ஆறு நாள், கொட்டை மூன்று நாள்’ என்று இருக்கிறது.