பக்கத்துப் பாய்க்காரர்

அன்புள்ள அக்கா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. திருவிழா அடிதடி வழக்கில் என் தம்பி ரிமாண்டில் திருச்சி மத்திய சிறையில் இருக்கிறான். அம்மா மனு போட்டு அவனைப் பார்க்கப் போனால் அன்றைய நடவுக்கூலி போய்விடும். போனாலும் பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். முதல் வாரம் அவன் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. பிளாக்கில் இருக்கும் ஒரு பெரியவர்தான் ராத்திரியெல்லாம் பேச்சுக் கொடுத்துத் தேற்றினாராம். அவர் கொலை வழக்கில் உள்ளே இருப்பவர் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மனசு சரியில்லை என்றால் டாக்டர்தானே பார்க்க வேண்டும்? ஒரு கைதியை இன்னொரு கைதியிடம் விடுவது சரியா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

அந்தப் பெரியவர் செய்தது நல்ல காரியம். முதலில் இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

மாலையில் அறையை அடைத்துவிட்டால் காலையில் திறக்கும்வரை டாக்டரோ உளவியலாளரோ உள்ளே கூட உட்கார்ந்திருக்கப் போவதில்லை. புதிதாக வந்தவனுக்கு வீட்டு நினைப்பும், அவமானமும், ஜாமீன் கவலையும் சேர்ந்து நெஞ்சை அடைப்பது அந்த நேரத்தில்தான். அவன் புரண்டு புரண்டு படுப்பதும், தட்டைத் தொடாமல் தள்ளிவைப்பதும் பக்கத்துப் பாயில் கிடப்பவர் கண்ணில்தான் படும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்த 159 பேரில் 119 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் உங்கள் தம்பியைப் போல விசாரணைக் கைதிகள்.

பிரிட்டனின் ஸ்வான்ஸீ சிறையில் 1990இல் 15 வயதுப் பையன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான். அடுத்த ஆண்டே சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு அங்கே கைதிகளுக்கே பயிற்சி கொடுத்து, சக கைதிகள் பேசுவதைக் கேட்க வைத்தது. பிறகு அது பல சிறைகளுக்குப் பரவியது. இவர்கள் புத்தி சொல்வதில்லை, கேட்கிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் சில விஷயங்கள் தவிர, கேட்டதை அதிகாரிகளிடம் கொண்டுபோவதில்லை. அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுக் கேட்டு இவர்கள் மனசும் கனத்துப்போகும் என்பதால், வெளியிலிருந்து வரும் தொண்டர்கள் இவர்களைத் தவறாமல் சந்தித்துப் பேச வைக்கிறார்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் நம் ஊரில் யாராவது இதைத் தொடங்கினால் நான் எதிர்ப்பேன். உங்கள் தம்பியைத் தேற்றிய பெரியவர் யாரிடம் போய்ப் பேசுவார்?

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. பிளாக்கில் ஏற்கெனவே அதிகாரம் செலுத்துகிறவர்கள், மற்றவர்களை வேலை வாங்குகிறவர்கள் கைக்கு இது போய்விடக் கூடாது. பெண்டாட்டி பிரிந்து போனதை ராத்திரி ஒருவன் அழுதுகொண்டே சொல்லி, அது காலையில் தண்ணீர்த் தொட்டியடியில் பேச்சானால், அதற்குப் பிறகு அந்த பிளாக்கில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டனைக் கைதிகளுக்குச் சட்டத் தன்னார்வலர் பயிற்சி கொடுத்து, மற்ற கைதிகளுக்கு மனு எழுதித்தர வைக்கும் வழக்கம் இந்தியச் சிறைகளில் இருக்கிறது. இதற்கும் அப்படி ஆட்களைத் தயார் செய்யலாம்.

டாக்டர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். சிறை மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். காதில் குரல் கேட்கிறது என்கிறவன், சாக வேண்டும் என்கிறவன் இருவரையும் உடனே டாக்டர் பார்க்க வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவன் உள்ளே வந்து இரண்டு மூன்று நாளில் கை நடுங்கிப் பிதற்றத் தொடங்கினால், அது பயத்தில் வந்த உளறல் என்று விட்டுவிடுகிறார்கள். குடி திடீரென்று நின்றதால் வரும் அந்த நிலை உயிரையே பறிக்கும். சக கைதிக்குப் பயிற்சி கொடுத்தால் இதை அடையாளம் கண்டு உடனே வார்டரைக் கூப்பிடுவார்.

அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கும்போது ‘எப்போ வருவே’ என்று தம்பியிடம் கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு, ஜாமீன் மனு என்ன ஆயிற்று என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டு போய் அவனுக்குச் சொல்லுங்கள். தேதி தெரியாமல் கிடப்பதுதான் உள்ளே பெரிய வாதை. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். அம்மாவுக்கும் தூக்கம் வராமல் இருந்தால் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.