அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்: 22 மி.மீ. குழாய் போதுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வீடு. கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு 8 கிலோவாட் ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் மின் கருவி) வைக்கிறோம். கீழ்த்தளம் முழுக்க அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங், அதாவது தரைக்குள் சுடுநீர்க் குழாய்கள். ஹீட் பம்ப்பிலிருந்து, நீரை அந்தக் குழாய்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு வரை 12 மீட்டர். ஒருவர் 28 மி.மீ. செம்புக் குழாய் என்கிறார். இன்னொருவர், 22 மி.மீ. பிளாஸ்டிக்கே போதும், செலவும் குறைவு என்கிறார். எதைப் போடுவது?

பதில்: செம்பையே போடுங்கள்.

குளிக்கத் தண்ணீர் விளாவும்போது கொதிநீர் என்றால் ஒரு சொம்பு போதும். வெதுவெதுப்பான நீர் என்றால் குடம் குடமாக ஊற்ற வேண்டும். இங்கேயும் அதே கதைதான். பாய்லர் நீர் 20 டிகிரி சூட்டை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும். ஹீட் பம்ப்பின் நீர் 35 டிகிரியில் போய் 30-இல் திரும்பும், வித்தியாசம் ஐந்தே டிகிரி. அதனால் 8 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 23 லிட்டர் ஓட வேண்டும். பாய்லருக்கு ஆறு லிட்டர் இருந்தால் போதும்.

குழாயில் அச்சடித்திருக்கும் எண் வெளி விட்டம். செம்பின் சுவர் மெல்லியது, 28-க்கு உள்ளே 26 மி.மீ. கிடைக்கும். பிளாஸ்டிக் சுவர் தடிமன், 22-க்கு உள்ளே 18 கூட முழுசாக வராது. போதாததற்கு ஒவ்வொரு மூட்டிலும் உள்ளே ஒரு குழல் செருகுவார்கள், அது இன்னும் நெருக்கும். அதே நீரைத் தள்ள ஆறேழு மடங்கு அழுத்தம் வேண்டும். ஓட்டம் போதாமல் மெஷின் அடிக்கடி நிற்கும். அப்புறம் பிளம்பர் வந்து நீரின் சூட்டை 45 டிகிரிக்கு ஏற்றிவிட்டுப் போவார். சூடு ஏற ஏற ஹீட் பம்ப் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும், மின்கட்டணத்தை நீங்கள் கட்டுவீர்கள்.

ஹீட் பம்ப்புக்கு 7,500 பவுண்டு அரசு மானியம் வந்ததிலிருந்து இடைத்தரகர்கள் பெருகிவிட்டார்கள். ‘இலவச ஹீட் பம்ப்’ என்று போன் செய்பவரிடம், அறைவாரியாக வெப்ப இழப்பு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். போன் கட் ஆகும். காகிதமோ எப்போதும் சுத்தம். ஒரு வீட்டில் நான் தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தேன். வரைபடத்தில் 28 செம்பு. கண்ணில் படும் இரண்டு முனையிலும் முழம் முழமாகச் செம்பு, நடுவில் பத்து மீட்டர் பிளாஸ்டிக்! யாரும் குனிந்து பார்ப்பதில்லை, கையெழுத்து மட்டும் விழுகிறது.

ஒரே ஒரு விலக்கு. வெப்பம் வெளியேறாமல் நன்றாகக் காப்பிட்ட வீடு, கடுங்குளிரிலும் ஐந்து கிலோவாட்டுக்குமேல் தேவைப்படாது என்றால் 22 மி.மீ. போதும். அதுவும் செம்பு, பிளாஸ்டிக் அல்ல. ஐந்து என்பது வீட்டின் தேவை, ஹீட் பம்ப் பெட்டியின் மேல் ஒட்டிய எண் அல்ல. கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘பக்கத்து வீட்டுக்கு இதுதான் போட்டேன்’ என்பது கணக்கு இல்லை.

தரைக்குள் சுற்றிப் போகும் 16 மி.மீ. பிளாஸ்டிக் சரிதான், ஆக்சிஜன் நீருக்குள் ஊடுருவாமல் தடுக்கும் அடுக்கு உள்ளதாக இருக்கட்டும்.

கோட்டேஷனில் குழாயின் பொருளையும் உள் விட்டத்தையும் எழுதி வாங்குங்கள். தரைப்பலகையை மூடும் முன் குழாயின் மேல் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். பிளம்பர் முகம் சுளித்தால் ஒரு டீ போட்டுக் கொடுங்கள்.