வீட்டுக்கு எத்தனை டார்ச் லைட்? – நுகர்வோர் கேள்வி-பதில்

டார்ச் லைட் பற்றிய கேள்விகள் ஒன்றிரண்டாக வந்து சேர்ந்துவிட்டன. இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம்.

என் கணவருக்கு டார்ச் லைட் பைத்தியம். மேசை டிராயர் நிறைய அதுதான். எங்கள் தெருவில் கரண்ட் போவதே அபூர்வம். ஆனாலும் பார்சல் வந்தபடி இருக்கிறது. கேட்டால் "அது வேற, இது வேற" என்கிறார். நிஜமாகவே வேறா? இந்தப் பழக்கத்துக்கு எவ்வளவு செலவாகும்? – கோவை வாசகி

வேறுதான். அவர் நினைக்கிற இடத்தில் வேறா என்பதுதான் கேள்வி.

முதலில் செலவைப் பார்த்துவிடுவோம். 18650 என்ற, சார்ஜ் செய்துகொள்ளும் லித்தியம் செல்லைப் போடும் ஓரளவு நல்ல டார்ச் நம் ஊரில் சுமார் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, வேறொன்றும் இல்லை.) பலர் இதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். ஒரிஜினல் செல் சில நூறு ரூபாய், நம்பகமான சார்ஜர் ஆயிரம் ரூபாய் சுமார் என்று அடுத்தடுத்து வரும். அப்புறம் அதைவிடப் பெரிய 21700 செல் போடும் மாடல் ஒன்று கண்ணில் படும். அதற்கு வேறு செல், பழைய சார்ஜரில் அது உட்காராவிட்டால் வேறு சார்ஜர். அடுத்த கட்டம் செம்பு, பித்தளை, டைட்டானியம் உடல்கள். உள்ளே அதே எல்.ஈ.டி., அதே சர்க்யூட்தான் பெரும்பாலும் இருக்கும். விலை மட்டும் அலுமினிய மாடலைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பித்தளை நாளாக ஆக நிறம் மாறுகிற அழகுக்குத்தான் அந்தக் காசு. அதில் தவறில்லை, தெரிந்து கொடுத்தால் சரி.

பணம் வீணாகிற இடம் லுமன், அதாவது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. நம் கண் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் பார்ப்பதில்லை. ஒரு விளக்கு இன்னொன்றைவிட இரண்டு மடங்கு பிரகாசமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி தேவைப்படும். கையில் 1,000 லுமன் டார்ச் இருக்கும்போது 1,300 லுமனுக்காக இன்னொன்று வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் அட்டைப்பெட்டியில் மட்டும்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசங்கள் வேறு இரண்டு. ஒன்று ஒளியின் நிறம். அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். மலிவான டார்ச்சுகள் 6,500 கெல்வினிலும் அதற்கு மேலும் நீலம் கலந்த வெள்ளையாக அடிக்கும். 4,000 கெல்வின் சுற்றுவட்டாரத்தில் இதமான வெள்ளை. 2,700-க்கு வந்தால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். இதோடு சி.ஆர்.ஐ. என்று ஒரு அளவு உண்டு. பொருள்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு எத்தனை என்று சொல்வது. 70 வாங்குகிற விளக்கில் குங்குமம் பழுப்பாகத் தெரியும், உள்ளங்கை வெளிறிப்போய்த் தெரியும். நிச்சியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 519ஏ போன்ற, 90-க்கு மேல் வாங்கும் எல்.ஈ.டி.யில் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். இரவில் செடிக்குப் பூச்சி பார்ப்பவர்கள், ஒயரின் நிறம் பார்த்து வேலை செய்பவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பழைய டார்ச்சை எடுக்க மாட்டார்கள். சேகரிப்பவர்கள் வாங்கிக்கொண்டே போவதற்குப் பாதிக் காரணம் இந்த நிறம்தான்.

இன்னொன்று, ஒளி எப்படி விழுகிறது என்பது. ஆழமான, வழவழப்பான ரிஃப்ளெக்டர் ஒரே இடத்தில் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும். சொரசொரப்பான ரிஃப்ளெக்டரோ பல சின்ன லென்ஸுகளோ இருந்தால் காலடி முழுக்கப் பரப்பும். ஒரே டார்ச்சில் இரண்டும் நன்றாக வருவது கடினம். ஆகவே தூரத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, சட்டைப்பைக்குச் சின்னதாக ஒன்று என்று மூன்று வைத்திருப்பவரைக் குறை சொல்ல முடியாது. நாலாவதிலிருந்து அது ஆசை. ஆசைக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்; புதிது வந்தால் பழையது ஒன்று வாட்ச்மேனுக்கோ உறவினருக்கோ போகட்டும்.

ஒரு காரியம் செய்யுங்கள். அவருடைய டார்ச்சுகளில் ஒரு லுமனுக்கும் குறைவாக எரிகிற ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி உங்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் யாரையும் எழுப்ப வேண்டாம், கண்ணும் கூசாது. அந்த டிராயரையும் ஒருமுறை திறந்து பாருங்கள்: உறையில்லாத லித்தியம் செல்கள் சாவி, சில்லறையோடு கலந்து கிடந்தால் அன்றைக்கே பிரித்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போடச் சொல்லுங்கள். உலோகம் இரு முனைகளிலும் பட்டால் தீப்பிடிக்கும்.

ஆன்லைனில் "90,000 லுமன், 5 கிலோமீட்டர் தூரம்" என்று ஒரு டார்ச் 799 ரூபாய்க்கு வருகிறது. ஆயிரக்கணக்கானோர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா? – சேலம் வாசகர்

வாங்க வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம், இனி எந்த விளம்பரத்தையும் நீங்களே எடைபோட உதவும்.

வெள்ளை எல்.ஈ.டி. டார்ச்சில் இழப்பெல்லாம் போக ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லுமன் வெளியே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 90,000 லுமனுக்கு 900 வாட் வேண்டும். வீட்டு அயர்ன் பாக்ஸ் இழுக்கிற அளவு அது. அதில் பெரும்பகுதி வெப்பமாகி உங்கள் கைக்குள்ளேயே இருக்கும். இனி செல். மிக நல்ல 18650 செல் ஒன்று 3.6 வோல்ட், கொள்ளளவு 3,500 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி), அதாவது 3.5 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 12.6 வாட்-மணி. 900 வாட்டுக்கு அது ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அதற்கும் முன்னால், 250 ஆம்பியர் கொடுக்க வேண்டியிருக்கும். எந்த 18650 செல்லாலும் முடியாது. இதே செல்லை வைத்து நியாயமான கணக்குப் போட்டால் 1,000 லுமனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நேர்மையான தயாரிப்பாளரின் அட்டவணை ஏறக்குறைய இதற்குள்தான் இருக்கும்.

டார்ச்சுகளை அளப்பதற்கென்று 2009-ல் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்ற தர அளவுகோல் வந்தது. பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்படி லுமனை ஸ்விட்ச் போட்ட நொடியில் அளக்கக் கூடாது, 30 விநாடி கழித்துத்தான். எரியும் நேரம் என்பது ஆரம்ப ஒளியில் 10 சதவீதத்துக்கு இறங்கும்வரை உள்ள நேரம். தூரம் என்பது ஒளி 0.25 லக்ஸ் ஆகக் குறைகிற இடம், அதாவது முழுநிலா வெளிச்சம் அளவு. 400 மீட்டர் என்று நேர்மையாகவே போட்டிருந்தாலும் 400 மீட்டரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. பாதித் தூரத்தில்தான் ஒளி நான்கு மடங்காகி உருப்படியாக ஏதாவது தெரியும். தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டலா, அதாவது ஒரே திசையில் குவிந்து போகும் ஒளியின் வலிமை. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் வரும்: 40,000 கேண்டலாவுக்கு 400 மீட்டர். 800 மீட்டர் வேண்டுமென்றால் 1,60,000 கேண்டலா. இந்தக் கணக்கில் 5 கிலோமீட்டருக்கு 62 லட்சத்துக்கு மேல் போகும்.

நல்ல கம்பெனி டார்ச்சிலும் ஒரு சங்கதி உண்டு. "டர்போ" என்று போட்டிருக்கிற உச்ச ஒளி சூடேறியதும் ஒரு நிமிடம் சுமாரில் தானாகக் கீழே இறங்கிவிடும். அது பழுது இல்லை, பாதுகாப்பு. அதற்கு அடுத்த நிலையில் எத்தனை லுமன், எவ்வளவு நேரம் என்று பார்த்து வாங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் முதலில் விற்பனைத் தளத்திலேயே திருப்பிக் கொடுக்க முயலுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொய் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். பெட்டியில் எம்.ஆர்.பி., இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உற்பத்தியான நாடு இருக்கின்றனவா என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். இருந்தே ஆக வேண்டிய விவரங்கள் அவை. இல்லையென்றால் அதுவே தனிப் புகார்.

தாத்தா ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது எடுத்துப்போன மூணு கட்டை பேட்டரி லைட் பரணில் கிடைத்தது. உள்ளே செல் பொங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எரிய வைக்க முடியுமா? விலை போகுமா? – தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

எரிய வைக்கலாம். 1899-ல் டேவிட் மிசெல் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய டார்ச்சும் உங்கள் தாத்தா வைத்திருந்ததும் அடிப்படையில் ஒன்றுதான்: டி செல்களை (நீங்கள் சொல்லும் கட்டை பேட்டரி) வரிசையாக அடுக்கிய ஒரு குழாய், ஒரு பல்பு, ஒரு ஸ்விட்ச். கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை.

கையுறை போட்டுக்கொண்டு செல்லை வெளியே தள்ளுங்கள். வரவில்லையென்றால் அடிமூடியையும் தலைப்பகுதியையும் கழற்றிவிட்டு மறுபக்கத்திலிருந்து மரக்கட்டையால் தட்டுங்கள். சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். சாதாரணத் துத்தநாக-கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை உள்ளது, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அல்கலைன் செல்லாக இருந்தால் நேர் எதிர்: காரம். அதற்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. பிறகு நன்றாகக் காய விடுங்கள். ஸ்பிரிங்கையும் தகடுகளையும் மெல்லிய உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்தால் போதும், முக்கால்வாசி டார்ச்சுகள் அத்தோடு எரியும். ரிஃப்ளெக்டரை மட்டும் தேய்க்காதீர்கள். பூச்சு கையோடு வந்துவிடும், ஊதித் தூசி தட்டுங்கள்.

பல்பு கழுத்தில் வளையம் வைத்த வகையாக இருக்கும். மூன்று செல்லுக்கு 3.8 வோல்ட் என்று கேளுங்கள், 2.5 வோல்ட் இரண்டு செல்லுக்கானது, போட்டால் உடனே போய்விடும். அதே அளவில் எல்.ஈ.டி. பல்பும் விற்கிறார்கள். ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சம் போய்விடும் என்பதால் நான் பழைய பல்புக்கே ஓட்டுப் போடுவேன். பயன்படுத்தாத நாளில் செல்லைக் கழற்றி வையுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, எவரெடி, ஜீப் போன்ற பழைய பெயர்கள் பொறித்த பித்தளை டார்ச்சுகளைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. ஆனால் சென்ற தலைமுறையில் ஊரூருக்கு விற்றவை என்பதால் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். விற்பதாக இருந்தால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடாதீர்கள். பழகிய நிறத்தோடு இருப்பதைத்தான் சேகரிப்பவர்கள் கேட்பார்கள்.

18650 செல் "9,900 எம்.ஏ.எச்." என்று 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரிஜினலில் 3,500-தான் போட்டிருக்கிறது, விலையும் அதிகம். எதை வாங்குவது? – சென்னை வாசகர்

3,500-ஐ. அந்த அளவுச் செல்லில் 9,900-ஐ அடைக்கத் தெரிந்தவர்கள் சந்தையில் இல்லை. 9,900 என்று எழுதியதில் பல நேரம் 1,000 இருந்தாலே பெரிது. வீட்டுத் தராசில் போட்டுப் பாருங்கள்: நல்ல செல் 45 முதல் 50 கிராம் இருக்கும், போலி பெரும்பாலும் அதைவிட எடை குறையும். சாம்சங், எல்.ஜி., பானசோனிக், மோலிசெல் பெயரிலும் போலி வருவதால் டார்ச் விற்கிற நம்பகமான கடையிலேயே சேர்த்து வாங்குவது நல்லது. இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்பதோடு 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லைப் புதுச் சுற்றுத்தாள் ஒட்டி விற்பதும் நடக்கிறது.

நாள்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் முழுதாக 4.2 வோல்ட் வரை ஏற்றி வைக்காதீர்கள். பாதியளவு, 3.7 வோல்ட் சுமாரில் விட்டுவைத்தால் செல்லின் ஆயுள் கூடும்.

விமானத்தில் டார்ச் எடுத்துப் போகலாமா? – மலேசியா செல்லவிருக்கும் வாசகி

போகலாம். உதிரி லித்தியம் செல்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். 100 வாட்-மணி வரை அனுமதி என்பதால் 12.6 வாட்-மணி செல்லுக்குக் கவலையில்லை. டார்ச்சின் அடிமூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பைக்குள் தானாக எரிந்து துணியைக் கருக்காது.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் மலிவா? – மதுரை வாசகர்

பட்டியல் விலையைப் பார்த்தால் மலிவு. சுங்க வரி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் இரண்டையும் கூட்டிய பிறகு பாருங்கள். செல் இல்லாமல் வெறும் டார்ச் மட்டும் வருவதும் சகஜம். சீனாவிலிருந்து வாங்கப் பலரும் நம்பியிருந்த அலிஎக்ஸ்பிரஸ் செயலியை 2020 நவம்பரில் மத்திய அரசு தடை செய்துவிட்டது. பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. இங்கே கிடைக்காத மாடலுக்கு மட்டும் அந்த வழி.

சேர்த்தது போதும் என்று தோன்றுகிறது. விற்றால் போட்ட காசு வருமா? – திருநெல்வேலி வாசகர்

வராது. எல்.ஈ.டி. டார்ச் மாடல்கள் சீக்கிரம் பழசாகின்றன. பாதி விலை கிடைத்தால் நல்ல விலை. குறைந்த எண்ணிக்கையில் வந்த செம்பு, டைட்டானியம் மாடல்கள் மட்டும் சற்றுத் தாங்கும், அதுவும் பெட்டியும் ரசீதும் இருந்தால். படம் போடும்போது சுவரில் ஒளி அடித்து ஒரு படம் சேர்த்துப் போடுங்கள். வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். அனுப்பும்போது செல்லைக் கழற்றிவிடுங்கள், லித்தியம் செல் இருந்தால் கூரியரில் பார்சலை எடுக்க மறுக்கக்கூடும்.