ஐ-லீக் அணியில் சேர்க்க 3 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. கோவையில் பிளஸ் டூ படிக்கிறான், நன்றாகக் கால்பந்து ஆடுவான். தெரிந்தவர் மூலம் வந்த ஒரு ஏஜென்ட், வடக்கே ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியில் ஆடும் ஒரு அணியில் ஐந்து வருட ஒப்பந்தம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று 3 லட்சம் கேட்கிறார். ஐ-லீக் போனால் அடுத்தது ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தான் என்கிறார். ஐ-லீக்கே படுத்துவிட்டது என்று வேறு சிலர் பயமுறுத்துகிறார்கள். பணம் கட்டலாமா? படிப்பை நிறுத்தலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். முன்பணம், டோக்கன் என்று எந்தப் பெயரிலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். தொழில்முறைக் கால்பந்தில் கிளப் வீரனுக்குச் சம்பளம் தரும். வீரனின் அப்பா கிளப்புக்குப் பணம் தருகிறார் என்றால், அங்கே உங்கள் மகன் வீரன் இல்லை, வாடிக்கையாளன். பதினைந்து வருடமாக வீரர்களின் ஒப்பந்தங்களைப் படித்து வருகிறேன். பணம் கட்டிச் சேர்ந்த பையன் நிலைத்து ஆடியதை நான் பார்த்ததில்லை.

ஐ-லீக் படுத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அது விழுந்த விதம் தெரிந்தால்தான் அந்த ஏஜென்ட் எதைக் காட்டி ஆசை காட்டுகிறார் என்பது புரியும். 1996-ல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக்கின் இடத்துக்கு 2007-ல் ஐ-லீக் வந்தது. அன்றைக்கு நாட்டின் முதல் நிலைப் போட்டி அதுதான். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தது. மஹிந்திரா யுனைடெட், ஜே.சி.டி. போன்ற பழைய அணிகள் அதையொட்டிய காலத்திலேயே மூடப்பட்டன. அந்த உரிமையை வைத்து 2014-ல் ஐ.எஸ்.எல். வந்ததும் டிவியும் விளம்பரக் காசும் அந்தப் பக்கம் போய்விட்டன.

இத்தனைக்கும் ஆட்டம் சாகவில்லை. 2016-17-ல் மிசோரமின் ஐசால் அணி கோப்பையைத் தூக்கியது. 2019 மார்ச் 9 அன்று நம் கோவை நேரு ஸ்டேடியத்தில் நடந்ததை உங்கள் மகன் சின்னப் பையனாகப் பார்த்திருக்கக்கூடும். சென்னை சிட்டி அணி ஜெயித்தே தீர வேண்டிய கடைசி ஆட்டம். ஆரம்பத்திலேயே மினெர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. அப்புறம் பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு, 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது, ஆனால் ஒரே ஒரு புள்ளி குறைவு. கோப்பை கோவைக்கு வந்தது. அதே வருடம் அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்ட திட்டப்படி ஐ.எஸ்.எல். முதல் நிலையானது, ஐ-லீக் கீழே போனது. 2020-21 பருவத்துக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவே இல்லை. சாம்பியன் ஆன அணி இரண்டே வருடத்தில் களத்தைவிட்டே போய்விட்டது. இதை யார் தடுத்திருக்க வேண்டுமோ அவர்கள் தடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

ஏஜென்ட் சொல்லும் ஏணி இருக்கிறது, மறுக்கவில்லை. 2022-23-ல் ஐ-லீக்கை வென்ற பஞ்சாபும் அடுத்த வருடம் வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ.எஸ்.எல்.லுக்குப் போயின. ஆனால் 2024-25 பருவத்தைப் பாருங்கள். ஏப்ரலில் ஆட்டங்கள் முடிந்தன. தகுதியில்லாத வீரரை இறக்கியதாகப் புகார், அதன் மேல் மேல்முறையீடு. முதலில் சர்ச்சில் பிரதர்ஸை சாம்பியன் என்றார்கள். கடைசியில் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஜூலை 18 அன்று இன்டர் காசிதான் சாம்பியன் என்றது. அதே ஜூலையில் அடுத்த ஐ.எஸ்.எல். பருவம் நிறுத்திவைக்கப்பட்டது, ஏனென்றால் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸுடனான அந்த 15 வருட ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது. முடியும் தேதி 2010-லேயே எல்லோருக்கும் தெரியும்! மாற்று ஏற்பாடு செய்ய 15 வருடம் போதவில்லையா?

உங்கள் மகனுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அணி ஏறாவிட்டாலும் ஆட்டக்காரன் தனியாக ஏறலாம். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், வியாசர்பாடி நந்தகுமார் இருவரும் சென்னை சிட்டியில் ஆடி, அங்கிருந்து ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனவர்கள். அதனால் லீக்கின் பெயரைப் பார்க்காதீர்கள். அந்தக் கிளப் கடந்த வருடம் மாதாமாதம் சம்பளம் போட்டதா, உங்கள் மகன் வயதுப் பையன்களை ஆட்டத்தில் இறக்கியதா என்று, அங்கே ஆடிவிட்டு வந்த இரண்டு வீரர்களிடம் போனில் கேளுங்கள்.

இப்போது அந்த ஏஜென்ட். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி ஏஜென்ட் என்பவர் தேர்வு எழுதி உரிமம் பெற்ற தனி மனிதர். ஃபிஃபாவின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வர வேண்டும். வரவில்லையென்றால் அவர் ஏஜென்ட் இல்லை, புரோக்கர். 18 வயது ஆகாத பையனை அணுகுவதற்கு முன்பே பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்க வேண்டும். உங்களிடம் வாங்கினாரா? ஐந்து வருட ஒப்பந்தம் என்கிறார். 18 வயதுக்குக் கீழே உள்ள வீரருக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போட ஃபிஃபா அனுமதிப்பதில்லை. இந்த ஒன்று போதும், அவருக்கு விதி தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சில வருடத்துக்கு முன் வடசென்னையிலிருந்து ஒரு பையன் பிளாஸ்டிக் கவரில் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தான். சம்பளக் கட்டத்தில் பென்சிலால் 25,000 என்று எழுதியிருந்தது. கீழே அவன் கையெழுத்து மட்டும் நீல மையில். கிளப்பின் கையெழுத்து இல்லை, தேதி இல்லை, அவன் கையில் வேறு நகலும் இல்லை. 'பதிவு செய்யும்போது நிரப்பிக்கொள்வார்கள்' என்று புரோக்கர் சொன்னாராம். ஏழு மாதம் ஆடினான், இரண்டு மாதச் சம்பளம் ரொக்கமாக வந்தது. ரொக்கத்துக்கு ரசீது கிடையாது. அவனுக்காக என்னால் ஒரு புகார்கூட உருப்படியாக எழுத முடியவில்லை. காலியிடம் உள்ள காகிதத்தில் உங்கள் மகனோ நீங்களோ கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம் முழுவதும் எண்ணிலும் எழுத்திலும் மையால் இருக்க வேண்டும், வங்கிக் கணக்கில் வர வேண்டும். 'பத்திரத்தில் ஐந்தாயிரம், மீதி கையில்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்துப் போட்டபின் பாதியில் விலக முடியாது என்று பலர் நம்புகிறார்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு கெட்டுப்போன பையன்கள் அதிகம். கிளப் இரண்டு மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்தால் வீரர் விலகலாம். ஒரு மாத பாக்கி போதாது. சம்பளம் மாதக் கணக்கில் இல்லாமல் மொத்தமாகப் பேசியிருந்தால், இரண்டு மாதத்துக்கு ஈடான தொகை பாக்கியாக வேண்டும். உடனே மூட்டையைக் கட்டிவிடக் கூடாது. எந்தெந்த மாதம், எவ்வளவு தொகை என்று குறித்து, குறைந்தது 15 நாள் கெடு கொடுத்துக் கிளப்புக்கு எழுத வேண்டும். மேனேஜரிடம் புலம்புவதும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதும் கணக்கில் வராது. மின்னஞ்சல் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 15 நாளும் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் 'பையன்தான் ஓடிவிட்டான்' என்று கிளப் எழுதிவிடும். பதினான்காம் நாள் முழுப் பாக்கியையும் போட்டுவிட்டால் அந்தத் தடவை விலகும் உரிமை போய்விடும். போடாவிட்டால் விலகிக்கொண்டு, அகில இந்தியக் கூட்டமைப்பில் இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் வீரர் நிலைக் குழுவில் புகார் கொடுக்கலாம். தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும், ஒரு பருவம் கோப்பிலேயே கழிந்துவிடலாம். சாம்பியன் யார் என்று சொல்லவே மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட அமைப்பு இது.

படிப்பை நிறுத்த வேண்டாம். பிளஸ் டூ தேர்வை எழுதட்டும். டிரையல்ஸுக்குக் கிளப் நேரடியாக, தன் பெயரில் அழைப்பு அனுப்பினால் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் கூடவே போங்கள். அதற்கு முன் அந்த ஏஜென்டிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: அவருடைய ஃபிஃபா உரிம எண், கிளப் நிர்வாகி ஒருவரின் அலுவலகத் தொலைபேசி எண். 3 லட்சத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுவிடும். நிற்காமல் மறுபடி கேட்டால், அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.