எம்ஜிபி எஞ்சினை வீட்டிலேயே பிரித்துப் பூட்ட: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியவை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரான கார் இது. எஞ்சின் 1798 சிசி பி-சீரிஸ். நம் ஊர் அம்பாசிடரில் 1489 சிசியாக ஓடியதும் இதே குடும்பம்தான். அதைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைக்கு இதில் எதுவும் அந்நியமாகத் தெரியாது.

எஞ்சின் சூடானதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆயில் பிரஷர் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போகிறது. முழுவதும் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

உடனே கை வைக்காதீர்கள். முதலில் வேறொரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பாருங்கள். பழைய கேஜ்கள் பொய் சொல்லும். பிறகு 20டபிள்யூ-50 ஆயிலை ஃபில்டரோடு மாற்றுங்கள். சூடான எஞ்சின் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரையும், ஐடிலில் 10 முதல் 25 வரையும் காட்ட வேண்டும். எல்லா வேகத்திலும் குறைவாக இருந்தால் அதிகப் பிரஷரை வெளியே விடும் ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பாருங்கள். அது பிளாக்கின் பின்பக்கம், குமிழ்த் தலை நட்டுக்குள் இருக்கிறது. உள்ளே பிளஞ்சரில் தூசி சிக்கியிருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ பிரஷர் ஏறாது. ஓட்டத்தில் சரியாக இருந்து, சூடான ஐடிலில் மட்டும் விழுந்தால் பேரிங்கோ ஆயில் பம்போ தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் எஞ்சினை இறக்க வேண்டும்.

பாகங்கள் ஆர்டர் செய்யும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

எஞ்சின் நம்பரின் தொடக்கத்தை. 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) தாங்கும் மெயின் பேரிங் மூன்று. 1964 அக்டோபரில் வந்த 18ஜிபியிலிருந்து ஐந்து. இரண்டுக்கும் கிராங்க் வேறு, பேரிங் செட் வேறு, பின்பக்க ஆயில் தடுப்பும் வேறு. காரின் ஆண்டை வைத்து வாங்கி ஏமாறாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் எஞ்சின் மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம்.

லேத் பட்டறையில் போரிங் (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்குவது) செய்து வாங்கிய பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவினால் போதுமா?

போதாது. புதிதாகப் பூட்டிய எஞ்சின்கள் சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது) செய்யும்போது கல்லிலிருந்து உதிரும் பொடி சிலிண்டர் சுவரின் கோடுகளுக்குள் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு போகுமே தவிர அந்தப் பொடியை அங்கேயே விட்டுவிடும். ரிங்குகள் அதையே அரைத்து அரைத்துத் தேயும். சுடுநீரில் சோப்புப் பொடி கலந்து, நைலான் பிரஷ்ஷால் ஒவ்வொரு சிலிண்டரையும் தேயுங்கள். ஆயில் தோய்த்த வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவுங்கள். காய்ந்ததும் உடனே ஆயில் தடவாவிட்டால் சில நிமிடங்களில் துரு ஏறிவிடும்.

பிளாக்கின் ஆயில் வழிகளில் உள்ள அடைப்பு மூடிகளைக் கழற்றாமல் கழுவுவதும் வீண். கிராங்கின் குறுக்குத் துளைகளையும் மெல்லிய பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். கிரைண்டிங் தூள் அங்கேதான் போய் உட்காரும்.

இன்னொன்று. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கேற்ப போரிங் செய்யச் சொல்லுங்கள். இயல்பான போர் 80.26 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் 20, 30, 40, 60 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுகளில் கிடைக்கிறது. 60 தௌ போட்டால் எஞ்சின் ஏறக்குறைய 1868 சிசி ஆகும். தேவைக்கு மேல் வெட்டாதீர்கள், அடுத்த முறைக்கு இரும்பு மிச்சம் இருக்கட்டும்.

பேரிங் இடைவெளியை மைக்ரோமீட்டர் இல்லாமல் அளக்க முடியுமா?

நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை போதும். ஜர்னலில் (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதியில்) ஆயிலைத் துடைத்துவிட்டு, இழையை நீளவாக்கில் வையுங்கள். கேப்பை முழு டார்க்கில் (சொன்ன முறுக்கு விசையில்) முறுக்கி, உடனே கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை அட்டையில் ஒப்பிடுங்கள். நடுவில் கிராங்கை ஒரு நூல் அளவுகூடச் சுற்றக் கூடாது. 0.025 முதல் 0.07 மி.மீ. வரை இருந்தால் நல்லது. மெயின் கேப் 95 நியூட்டன் மீட்டர், அதாவது 70 பவுண்டு-அடி. கனெக்டிங் ராடில் பழைய எஞ்சின்களுக்கு 35 முதல் 40 பவுண்டு-அடி. பன்னிரண்டு முனை நட் உள்ள பிந்தைய எஞ்சின்களுக்கு 33. இதைக் குழப்பிக்கொண்டால் போல்ட் நீண்டுவிடும்.

கிராங்க் முன்னும் பின்னும் நகர்கிறது. இது சரியா?

0.10 முதல் 0.13 மி.மீ. வரை நகர வேண்டும். அதற்கு மேல் போனால் நடு மெயின் பேரிங்கின் இரு பக்கமும் உள்ள திரஸ்ட் வாஷர்களை மாற்றுங்கள். ஆயில் காடி உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சீக்கிரமே தேய்ந்துவிடும். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்கை முன்னே தள்ளும் விசையைத் தாங்குவது இந்த வாஷர்கள்தான்.

ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஹெட்டில் என்ன செய்ய வேண்டும்?

எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வளையம் போட வேண்டும். அதற்கு முன் ஹெட்டில் விரிசல் சோதனை செய்யுங்கள். குறிப்பாக 2, 3ஆம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் சீட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். இரண்டும் அடுத்தடுத்து இருந்து ஒரே வழியில் புகையை விடுவதால் சூடு அங்கே குவிகிறது. விரிசல் விட்ட ஹெட்டுக்கு சீட் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். பழைய சீட்டிலேயே ஓட்டுகிறீர்கள் என்றால் டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை) அடிக்கடி பாருங்கள். சீட் உள்ளே இறங்க இறங்க இடைவெளி குறைந்துகொண்டே வரும்.

டேப்பெட் வைக்க எளிய வழி?

ஒன்பதாம் கணக்கு. எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வை வையுங்கள், ஏழு திறந்தால் இரண்டை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. குளிர்ந்த எஞ்சினில் இடைவெளி 0.38 மி.மீ., 15 தௌ. ராக்கர் முனையில் குழி விழுந்திருந்தால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தப்புக் காட்டும். அந்த ராக்கரை மாற்றிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

இதில் அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறோம். புது கேம்ஷாஃப்டின் ஆயுளைத் தீர்மானிப்பது முதல் இருபது நிமிடம்.

கேம் மாற்றினால் அதன் மேல் உரசி ஏறி இறங்கும் ஃபாலோயர்களையும் புதிதாகவே போட வேண்டும். கேம் முனைகளிலும் ஃபாலோயர் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். துத்தநாகம் சேர்த்த, கிளாசிக் கார்களுக்கான மினரல் ஆயிலை ஊற்றுங்கள். ஏறக்குறைய நாலேகால் லிட்டர் பிடிக்கும். நவீன ஆயில்கள் பலவற்றில் துத்தநாகம் குறைவு, தட்டை ஃபாலோயருக்கு அது போதாது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, விட்டு விட்டு ஸ்டார்ட்டரை அடித்து, கேஜில் பிரஷர் காட்டும்வரை சுற்றுங்கள். காட்டவே இல்லை என்றால் பம்பில் காற்று நிற்கிறது. அசெம்பிள் செய்யும்போதே பம்பை ஆயிலால் நிரப்பியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இக்னிஷன் டைமிங்கையும் கார்புரேட்டரில் பெட்ரோலையும் முன்பே சரிபாருங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். ஸ்டார்ட் ஆகாமல் பத்து நிமிடம் அடித்துக்கொண்டிருந்தால் பேஸ்ட் எல்லாம் வழிந்துபோகும்.

பிடித்தவுடன் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தி, கொஞ்சம் ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலில் விடாதீர்கள். மெதுவாக ஓடும்போது கேமில் அழுத்தம் அதிகம், தெறிக்கும் ஆயிலோ குறைவு. தண்ணீர் கசிந்தாலோ சூடு ஏறினாலோ நிறுத்துங்கள், சரிசெய்து மறுபடி 2000லிருந்து தொடங்குங்கள். பிறகு ஆறவிட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

பூட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் நீலப் புகை நிற்கவில்லை.

புகை எப்போது வருகிறது? இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தால் வால்வு கைடு. ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங் உட்காரவில்லை. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளவு எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் நன்றாக ஏறினால் குறை ரிங்கில். முதல் சில நூறு கிலோமீட்டரை ஐடிலிலும் தயங்கித் தயங்கியும் ஓட்டியிருந்தால் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் மெருகேறியிருக்கும். மறுபடி ஹோனிங் செய்து புது ரிங் போட வேண்டியிருக்கும். அதற்கு முன் கிராங்க்கேஸ் பிரீத்தர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் கூடி, ஆயில் ரிங்கைத் தாண்டியும் பின் சீல் வழியாகவும் வெளியேறும்.