யாரும் இல்லாத விடுமுறை

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் தொடர்ச்சியாகச் சில நாட்கள் விடுமுறை வந்தது. வீட்டில் எல்லோரும் வெளியூர் கிளம்பினார்கள். முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்ததால் நான் மட்டும் தங்கிவிட்டேன். அவர்களை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியபோது எனக்கு வருத்தம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. அது என்னைக் கலவரப்படுத்தியது. வேலை முதல் நாளே முடிந்துவிட்டது. படிக்க வேண்டிய புத்தகங்கள், அடுக்க வேண்டிய அலமாரி என்று பட்டியல் போட்டேன். ஆனால் மேசை இழுப்பறை ஒன்றைச் சுத்தம் செய்ததிலேயே ஒரு மதியம் போயிற்று. மற்ற நேரத்தைப் பெரும்பாலும் கைபேசி எடுத்துக்கொண்டது. மாலைகளில் இனம்புரியாத வெறுமை. அலுவலகம் திரும்பியதும், 'லீவுக்கு எங்கே போனீர்கள்?' என்று கேட்டார்கள். 'எங்கும் போகவில்லை' என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வேண்டியவர்கள் அருகில் இல்லாதபோது நிம்மதி அடைவது அன்பின் குறையா? அந்த நாட்களை வீணடித்துவிட்டேனா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

அன்புடையீர்,

உங்கள் முதல் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பலர் தமக்குள்ளேயே கேட்டு, பதில் சொல்ல அஞ்சி, அப்படியே விட்டுவிடுகிற கேள்வி அது.

மற்றவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவரின் காது எப்போதும் முழுமையாக ஓய்வதில்லை. பக்கத்து அறையில் பேச்சு ஏன் திடீரென்று நின்றது, இருமல் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, வெளியே போனவர் இன்னும் ஏன் திரும்பவில்லை என்று மனத்தின் ஒரு பகுதி பிறருக்காக விழித்துக்கொண்டே இருக்கிறது. புத்தகம் படிக்கும்போதும் அப்படித்தான், தூங்கும்போதும் ஓரளவு அப்படித்தான். அது அன்பு செய்யும் வேலை. யாரும் சம்பளம் தருவதில்லை, யாரும் கவனிப்பதுமில்லை, ஆனால் களைப்பு மட்டும் உண்மையானது. கதவைச் சாத்தியபோது உங்களிடமிருந்து இறங்கியது அந்தச் சுமைதான். யாருக்காகவும் செவியைத் தீட்டிக்கொண்டிராத ஒருவருக்கு அப்படியொரு நிம்மதி வர வாய்ப்பே இல்லை.

குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் விளங்கிய டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயர் 1958இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதையொட்டிய ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார். தனியே இருக்கும் திறன், ஒரு குழந்தை தாயின் அருகிலேயே, ஆனால் தன்பாட்டில் இருக்கும் அனுபவத்திலிருந்து வளர்கிறது என்பது அவருடைய முடிவு. தாய் பக்கத்தில் இருக்கிறாள். எதையும் கேட்கவில்லை, எதையும் எதிர்பார்க்கவில்லை. குழந்தை தரையில் ஏதோ ஒன்றை உருட்டிக்கொண்டு தன் உலகத்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கை உள்ளே ஊறிய பிறகே, உண்மையாகவே யாரும் இல்லாத அறையிலும் ஒருவரால் பதற்றமின்றி இருக்க முடிகிறது. அப்படியானால், நீங்கள் முதல் நாள் அடைந்த நிம்மதியை உங்களுக்குத் தந்தவர்களில் வெளியூர் போனவர்களும் அடக்கம். அவர்கள் திரும்பி வருவார்கள் என்ற உறுதி இல்லாமல் போயிருந்தால் அந்தக் கதவு வேறு விதமாகச் சாத்தப்பட்டிருக்கும்.

கைபேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெறும் மனத்தோடு உட்கார்வது மனிதர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமத்தி வில்சனும் அவருடைய குழுவினரும் நடத்திய அந்தச் சோதனைகளில் ஒன்றில், எந்தப் பொருளும் இல்லாத அறையில் 15 நிமிடங்கள் தனியே அமர்ந்து யோசித்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். விரும்பினால் தமக்குத் தாமே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கப் பணம் கொடுக்கவும் தயார் என்று முன்பு சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். ஆகவே கைபேசியை எடுத்ததற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அடுத்த முறை அதை வேறு அறையில் வைத்துவிடுங்கள், போதும்.

இழுப்பறையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே என்பதுதான் எனக்குக் குறை. ஒரு மதியம் முழுவதையும் இழுத்துக்கொண்ட இழுப்பறை சாதாரணமானதாக இருக்க முடியாது. எந்தப் பூட்டுக்கு உரியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாத சாவி, எழுத்து முழுக்க வெளிறிப்போய் வழவழப்பான வெள்ளைத் தாளாகிவிட்ட ரசீது, பெயரில்லாமல் ஒரு தொலைபேசி எண் மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு ஆகியவை எந்த வீட்டு இழுப்பறையிலும் கிடக்கும். அந்த எண்ணைப் பார்த்து, கையெழுத்து யாருடையது, எந்தக் காரியத்துக்காகக் குறித்தோம் என்று யோசித்தபடி பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்திருப்பதற்கு வேலை நாட்களில் வழியே இல்லை. வீட்டில் மற்றவர்கள் இருக்கும் விடுமுறையிலும் இல்லை. 'அங்கே என்ன செய்கிறாய்?' என்று ஒரு குரல் வந்துவிடும், பதில் சொல்லும்போதே அந்த யோசனை கலைந்துவிடும். உங்கள் பட்டியலில் இல்லாத இந்த மதியத்தை அந்த விடுமுறையின் மிக நல்ல பகுதியாகவே நான் கருதுகிறேன்.

அலுவலகத்தில் எழுந்த கூச்சத்துக்கும் இதோடு தொடர்பு உண்டு. விடுமுறை என்றால் திரும்பி வந்து சொல்வதற்கு ஓர் ஊரின் பெயரோ காட்டுவதற்குச் சில படங்களோ இருக்க வேண்டும் என்று நாம் எப்படியோ பழகிவிட்டோம். அதனால் சொல்லிக்காட்ட முடியாத ஒரு நாள், நமக்கு எவ்வளவு நிறைவைத் தந்திருந்தாலும், கணக்கில் சேராமல் போய்விடுகிறது. கேட்டவர் பெரும்பாலும் மரியாதைக்காகக் கேட்டிருப்பார். 'வீட்டிலேயே இருந்தேன், நன்றாக இருந்தது' என்று நீங்கள் சொல்லியிருந்தால் அவர் அதை அப்படியே ஏற்றிருப்பார். ஒருவேளை பொறாமையும் பட்டிருப்பார்.

மாலை நேர வெறுமையை மட்டும் நான் இவ்வளவு எளிதாகக் கடந்துபோக மாட்டேன். தனிமையுணர்வை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் கசியோப்போ, அது பசியையும் தாகத்தையும் போல உடல் நமக்குத் தரும் அறிவிப்பு என்றார். உலகில் ஆறில் ஒருவர் அதனால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பகல் முழுவதும் யாருடனும் பேசாதவருக்கு மாலையில் அந்த அறிவிப்பு வருவது இயல்பே. அப்போது அதை வென்றுகாட்ட முயல வேண்டாம். ஒரு தோழியை அழைத்து, காரணம் எதுவும் சொல்லாமல், கொஞ்ச நேரம் பேசுங்கள். வீட்டார் திரும்பிய பிறகும், வேலை நாட்களிலும், நாலு பேர் நடுவில் இருக்கும்போதும் அந்த வெறுமை விடாமல் தொடருமானால், எனக்கு எழுதிக் காத்திருக்காமல் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

அன்புடன்